அடங்குவது வேறு, அகல்வது வேறு

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் வகுப்பில் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. பழைய நம்பிக்கைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பிள்ளைகள் சற்றுச் சிரிக்கட்டும் என்று சொல்வேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, இடுப்பின் வலப்புறத்தில் கொப்புளங்கள் கொத்தாக எழுந்து, தணல் பட்டாற்போல் எரிந்தன. பாட்டி பார்த்தவுடனே, "இது அக்கிடா" என்றார். அடுத்த தோட்டத்தில் அக்கி எழுதும் முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் அழைத்துச் சென்றார். முதியவர் பூங்காவியை நீரில் குழைத்து, என் இடுப்பின் மேல் ஒரு சிங்கத்தை எழுதினார். மூன்று நாள் எழுதினார். பத்தாம் நாள் எரிச்சல் தணிந்தது. பின்னர்க் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. "சிங்கம் அக்கியைத் தின்றுவிட்டது" என்று கதையை முடிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடம் தொடரும்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவர், முப்பது வயது. ஆசிரியர்கள் எல்லாரும் புறப்பட்டுப் போகும்வரை வாசலிலேயே நின்றிருந்தார். பிறகுதான் உள்ளே வந்து விவரம் சொன்னார். சொல்லக் கூசும் இடத்தில் அவருக்குக் கொப்புளம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருத்துவர் சோதித்துப் பார்த்து, 'ஹெர்ப்பிஸ்' என்று கூறி, மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டிலோ பெண் பார்த்துப் பேச்சு முடியும் தறுவாய். இந்த நிலையில் கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 'அடியோடு குணம்' என்று கூறிய அந்த எண்ணெய்க்கும் பொடிக்கும் 2,400 ரிங்கிட் கொடுத்தார். இரண்டு மாதம் கொப்புளம் இல்லை. குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து மருத்துவரின் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் மாதம் கொப்புளம் மீண்டும் வந்தது.

"சார், நீங்கதானே வகுப்புல சொன்னீங்க, அக்கி எழுதினதும் உங்களுக்குத் தீந்து போச்சின்னு. அத நெனச்சிதான் காசு கட்டினேன். அப்ப இது தீரவே தீராதா?"

இரண்டு கேள்விகளுக்கும் அன்று என்னிடம் செம்மையான விடை இல்லை. நான் சிரிப்புக்காகச் சொன்ன கதையை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை. கதையின் முடிவை நான்தான் தவறாகச் சொல்லியிருந்தேன். அதனைத் திருத்துவதற்காகவே பின்னர்ப் பலவற்றைப் படித்தேன். மருத்துவர் சிலரையும் கேட்டேன். அறிந்தவற்றை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரில் உள்ள பாடம்

தமிழாசிரியர் பெயரிலிருந்து தொடங்குவது இயல்பு. 'அக்கி' என்பது அக்கினி என்னும் சொல்லின் திரிபு. நோயாளி உணரும் எரிச்சலை அப்படியே சொல்லும் பெயர். மலாய்க்காரர் இதனைக் 'கயாப்' என்பர்; இடுப்பைச் சுற்றிப் படர்ந்தால் 'கயாப் உலார்', அதாவது பாம்புக் கயாப் என்பர். சீனரும் பாம்பென்றே குறிப்பர். பாம்பின் தலையும் வாலும் கூடிவிட்டால் உயிர் தங்காது என்று அவர்களுள் முதியோர் அஞ்சுவதுண்டு. 'ஹெர்ப்பிஸ்' என்பதும் ஊர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. நம் முன்னோர் தீயைக் கண்டனர். மற்றையோர் ஊர்வதைக் கண்டனர். இரண்டும் பொருத்தமே. எப்படி என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

ஹெர்ப்பிஸ் என்பது தனி ஒரு நோயின் பெயரன்று. ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் மூன்று பேரை இங்கு அறிந்தால் போதும். முதலாவது, உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் முதல்வகை ஹெர்ப்பிஸ். பெரும்பாலோர்க்கு இது சிறு வயதிலேயே, உற்றார் உமிழ்நீர் வழியாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, ஆண் பெண் உறவால் பற்றும் இரண்டாம்வகை ஹெர்ப்பிஸ். முதல்வகையும் இவ்வழியாக அவ்விடத்தைப் பற்றுவதுண்டு. மூன்றாவது, சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ். அம்மை இறங்கிய பின்னும் உடலில் தங்கி, பல ஆண்டு கழித்து எழுமானால் அதுவே அக்கி. என் இடுப்பில் எழுந்தது இம்மூன்றாவது; ஐந்து வயதில் எனக்கு வந்த அம்மையின் மிச்சம். சிறுவர்க்கு அக்கி அரிதே எனினும், வருவதுண்டு. என் மாணவருக்கு வந்தது இரண்டாவது. ஆகவே என் கதையை அவர் நோய்க்குப் பொருத்தியது முதற்கண்ணே பொருந்தாது. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி.

அதற்கு முன் ஒரு கணக்கு. 2020ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம் முதல்வகை ஹெர்ப்பிஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 15 முதல் 49 வயதுவரை உள்ளோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேரிடம் இரண்டாம்வகை இருக்கிறதாம். இவர்களுள் பெரும்பாலோர் தம்மிடம் அது இருப்பதையே அறியார். 'எனக்கு மட்டும் ஏன்?' என்று என் மாணவர் கேட்டார். அவருக்கு மட்டும் அன்று என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

ஒளிந்திருக்கும் இடம்

சளி பிடித்தால் ஒரு வாரத்தில் போய்விடுகிறது. அக்கிருமியை உடல் அறவே ஒழித்துவிடுகிறது. ஹெர்ப்பிஸ் மட்டும் ஏன் போவதில்லை?

தோலில் புகும் இந்த வைரஸ் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தோலில் முடியும் நரம்பிழையைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியே உள்நோக்கிச் சென்று, முதுகெலும்பை ஒட்டியோ கபாலத்தின் அடியிலோ உள்ள நரம்பு முடிச்சை அடைகிறது. ஊர்வது என்று பெயரிட்டவர்கள் தோலின் மேல் படர்வதையே கண்டிருப்பர். கண்ணுக்குத் தெரியாத ஊர்தல் உள்ளே நடக்கிறது. நரம்பு முடிச்சில் உள்ள உயிரணுவின் கருவுக்குள் வைரஸ் தன் மரபுப் பொருளை ஒரு சிறு வளையமாகச் சுருட்டி வைத்துவிட்டு, ஏறக்குறைய எந்தச் செயலும் இன்றி உறங்குகிறது. உறங்குபவனைக் காவலர் அடையாளம் காண்பது கடினம். மேலும், நரம்பணு அழிந்தால் அதற்கு ஈடாக வேறொன்று எளிதில் முளைப்பதில்லை. ஆதலால் உடலின் காவற்படை அதனை அழிக்காமல், அருகில் நின்று காவல் காப்பதோடு அமைகிறது.

காய்ச்சல், களைப்பு, மனக்கவலை, முதுமை போன்றவற்றால் காவல் தளரும்போது வைரஸ் விழித்தெழுகிறது. வந்த வழியே நரம்பிழையில் திரும்பி வந்து தோலில் கொப்புளமாகிறது. காவற்படை மீண்டும் திரண்டு அதனை அடக்குகிறது. கொப்புளம் காய்கிறது. ஆனால் முடிச்சில் உள்ள வளையம் அங்கேயே இருக்கிறது. இதுவே மூன்றுக்கும் பொதுவான குணம்: ஒவ்வொரு முறையும் நோய் தானே அடங்கும், ஒரு முறையும் அகலாது.

பாம்பின் அச்சத்துக்கும் இங்கே விடை உண்டு. முதுகெலும்பிலிருந்து பிரியும் ஒவ்வொரு நரம்பும் உடலின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையளவு தோலுக்கே உரியது. ஒரு நரம்பு முடிச்சில் அக்கி எழுந்தால் அந்தப் பட்டையில்தான் படரும். நடுக்கோட்டைத் தாண்டுவது மிக அரிது. பாம்பின் தலையும் வாலும் பொதுவாகக் கூடுவதே இல்லை. எனினும் அக்கியை இலேசாக எண்ணலாகாது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நன்று. நெற்றியிலோ கண்ணருகிலோ எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பார்வைக்கே கேடு நேரலாம்.

இன்றைய மருந்து செய்வதும் செய்யாததும்

ஹெர்ப்பிசுக்கு மருந்தே இல்லை என்று சிலர் கூறுவர். அது பிழை. அசைக்ளோவிர் என்னும் மருந்தின் செயல் 1977இல் விளக்கமாக வெளியிடப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் அது களிம்பாக ஒப்புதல் பெற்றது. அதனை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைமையில் இருந்தவர்களுள் ஜெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார் ஒருவர். மருந்தாக்கத்தில் புதிய நெறிகளைக் கண்டமைக்காக 1988ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் மற்றிருவரோடு பகிர்ந்துகொண்டார்.

அம்மருந்தின் சூழ்ச்சி அழகியது. அசைக்ளோவிர் வைரசின் மரபுப் பொருளில் உள்ள ஓர் எழுத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலி எழுத்து. விழித்தெழுந்த வைரஸ் தனக்கென ஒரு நொதியைச் செய்துகொள்கிறது. அந்த நொதியே இப்போலியைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது போலி எழுத்து இடையில் புகுந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு எழுத்தும் ஒட்டாது. படியெடுப்பு அங்கேயே நின்றுபோகிறது. நலமான அணுக்களில் அந்த நொதி இல்லாமையால் அவற்றுக்குத் தீங்கு குறைவு.

ஆனால் இதே சூழ்ச்சிதான் மருந்தின் எல்லையையும் வகுக்கிறது. உறங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை, படியெடுப்பதும் இல்லை. ஆகவே மருந்து அதனைத் தீண்டுவதே இல்லை. எத்தனை ஆண்டு உண்டாலும் முடிச்சில் உள்ள வளையம் கரையாது.

அப்படியாயின் மருந்தால் பயன் என்ன? கொப்புளம் விரைவில் ஆறும். நாள்தோறும் உண்டால் எழுவதே குறையும். மற்றவர்க்குப் பரவுவதும் குறையும். ஒருவரிடம் இரண்டாம்வகை ஹெர்ப்பிஸ் இருந்து மற்றவரிடம் இல்லாத இணைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளியாயிற்று. நோயுற்றவர் நாள்தோறும் வாலசைக்ளோவிர் உண்டபோது, இணையர்க்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாதி என்பது முழுமையன்று, ஆயினும் சிறிதுமன்று. கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் வைரஸ் வெளிப்படக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

தானே அடங்கும் நோயின் மயக்கம்

இனி என் சிங்கத்துக்கு வருவோம். அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே ஆறிவிடும். வலி தாங்காமல் முதியவரிடம் ஓடுவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் இறக்கம்தானே வரும்? அந்த இறக்கத்தின் புகழ் சிங்கத்துக்குச் சென்றது. முதியவர் ஏமாற்றுக்காரர் அல்லர். காசும் வாங்கவில்லை, வெற்றிலை பாக்கு மட்டுமே பெற்றுக்கொண்டார். அவரும் அதை நம்பினார். தானே அடங்கும் நோய்க்கு எந்த மருந்தும் மருந்தாகத் தோன்றும் என்பதே இதில் உள்ள மயக்கம். முதியவரிடம் அது குற்றமற்ற நம்பிக்கையாக இருந்தது. எண்ணெய் விற்றவரிடம் அதுவே 2,400 ரிங்கிட் விலைக்கு வந்தது.

இந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் வழி ஒன்றுதான்: ஒப்பிட்டுப் பார்த்தல். மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல். இந்த முறைக்கு நம் கோலாலம்பூரிலேயே ஒரு பழைய சான்று உண்டு. அக்காலத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் பலரைக் கொன்றது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ்த் தொழிலாளரிடம் அது அருகியே காணப்பட்டது. காரணம் அரிசிதானா என்ற வினா எழுந்தது. 1905இல் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களுக்கு எண் கொடுத்து, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணினரை மறுபக்கமும் வைத்தார். ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றவருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவரிடையே நோய் பரவிப் பலர் இறந்தனர். மறுபக்கம் அது தலைகாட்டவில்லை என்றே சொல்லலாம். 1907இல் முடிவு அச்சேறியது. தம் சம்மதம் சொல்ல இயலாதவர்களை வைத்துச் செய்த அச்சோதனையை இன்றைய அறம் ஏற்காது. ஆனால் ஒப்பிடும் நெறி நின்றது. 'என் உறவினர்க்குக் குணமாயிற்று' என்பது செய்தி. 'உண்டவரில் இத்தனை பேர், உண்ணாதவரில் இத்தனை பேர்' என்பதே சான்று. ஹெர்ப்பிசுக்கு வரும் ஒவ்வொரு புது நம்பிக்கையையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

தடுப்பூசி தந்த ஏமாற்றமும் ஆறுதலும்

அந்தத் தராசு இரக்கம் அறியாதது. இரண்டாம்வகை ஹெர்ப்பிசுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றை அமெரிக்காவிலும் கனடாவிலும் 8,323 பெண்களிடம் சோதித்தார்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று: இரண்டாம்வகையை அது தடுக்கவில்லை. ஏற்கெனவே நோயுற்றோர்க்குக் கொப்புளம் எழாமல் காக்கும் நோக்குடன் மற்றொரு தடுப்பூசி ஆக்கப்பட்டது. அதனைச் செய்த பெருநிறுவனம், எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது. கொரோனா காலத்தில் புகழ்பெற்ற செய்தி ஆர்.என்.ஏ. முறையில் செய்த வேறொரு தடுப்பூசியின் மனிதச் சோதனை 2022 டிசம்பரில் தொடங்கிற்று. முன்னைய தோல்விகளை அறிந்தவர் இதனை எதிர்நோக்குவர், இப்பொழுதே கொண்டாடார்.

அக்கியிலோ நிலைமை வேறு. ஜப்பானில் தக்காஹாஷி என்னும் மருத்துவர் சின்னம்மைக்குத் தடுப்பூசி கண்டு 1974இல் வெளியிட்டார். முதியோர்க்கு அக்கி வாராமல் தடுக்கும் புதிய ஊசி 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 50 வயதைக் கடந்தவரிடம் நடந்த சோதனையில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அளவுக்குக் காப்பளித்ததாக 2015இல் அறிவித்திருந்தனர். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த ஊசி நரம்பு முடிச்சில் உள்ள வைரஸ் ஒன்றையும் வெளியேற்றவில்லை. காவலை உறுதிப்படுத்திற்று, அவ்வளவே. அகலாமலே ஆயுள் முழுதும் அடங்கியிருத்தலும் ஒரு பெரும் பேறு என்பதற்கு இது சான்று. ஐம்பதைக் கடந்த ஆசிரியர்கள் இதுபற்றித் தம் மருத்துவரைக் கேட்டறிவது தகும்.

வேரை அறுக்கும் முயற்சி

முடிச்சில் உள்ள வளையத்தையே வெட்டி எறிய இயலாதா? இயலக்கூடும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள பிரெட் ஹட்சின்சன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கீத் ஜெரோம் குழுவினர். வைரசின் மரபுப் பொருளில் குறித்த இடத்தை மட்டும் கண்டறிந்து வெட்டும் நொதிகளை அவர்கள் செய்தனர். தீங்கற்ற வேறொரு வைரசை வண்டியாக்கி, அதில் இந்தக் கத்திரிகளை ஏற்றி எலிகளின் உடலில் செலுத்தினர். வண்டி நரம்பு முடிச்சை அடைந்தது. கத்திரி வளையத்தை வெட்டிற்று. முதல்வகை ஹெர்ப்பிஸ் கொண்ட எலிகளின் சில முடிச்சுகளில் உறங்கும் வைரஸ் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தது என்று 2020இல் அறிவித்தனர். 2024இல் முறையை மேலும் எளிதாக்கினர். முகத்தில் தொற்றிய எலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறும், மறைவிடத்தில் தொற்றியவற்றில் தொண்ணூற்றேழும் அழிந்தன என்றனர். சீனாவிலோ, கண்ணின் கருவிழியை ஹெர்ப்பிஸ் தாக்கிய மூவரிடம் வேறுவகை மரபணுக் கத்திரியைச் சோதித்து, சராசரியாகப் பதினெட்டு மாதம்வரை வைரஸ் மீளவில்லை என்று 2023இல் வெளியிட்டனர்.

'அடங்குவது' என்பதைக் கடந்து 'அகல்வது' என்னும் எல்லைக்குள் மருத்துவம் கால்வைத்திருப்பது இங்கேதான். அதனால் இதனை உண்மையான நம்பிக்கை என்கிறேன். ஐயங்களையும் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

ஒன்று, எலி மனிதன் அன்று. எலியின் உடலில் உறங்கும் ஹெர்ப்பிஸ் தானே விழிப்பது அரிது. மனிதனில் அடிக்கடி விழிக்கிறது. இரண்டு, எஞ்சிய சில விழுக்காடு போதாதா மீண்டும் தழைக்க? எவ்வளவு அழித்தால் போதும் என்பது மனிதரிடம் காணவேண்டிய ஒன்று. மூன்று, வண்டியாகும் வைரஸ் அளவு மிகும்போது கல்லீரலுக்கும் நரம்புக்கும் தீங்கு செய்யக்கூடும். ஹெர்ப்பிஸ் பெரும்பாலோர்க்கு உயிர்கொல்லியன்று. ஆதலால் அதன் தீர்வு நோயினும் கொடியதாக இருக்கலாகாது. நான்கு, கத்திரி நம் சொந்த மரபணுவில் தவறிப் பட்டால் என்ன ஆகும் என்பதை நெடுங்காலம் நோக்க வேண்டும். ஐந்து, விலை. மரபணு மருத்துவங்கள் இன்று பெருஞ்செல்வரும் தயங்கும் விலையில் விற்கின்றன. கிடங்குத் தொழிலாளிக்குக் கிட்டும் நாளே அது தீர்வு ஆகும் நாள்.

சுங்கை பூலோவின் பாடம்

'தீராத நோய்' என்று எதனையும் முத்திரை குத்துமுன், கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சுங்கை பூலோவை நினைத்துப் பார்க்க வேண்டும். பூச்செடி வாங்க நம்மில் பலர் அங்குச் செல்கிறோம். அச்செடிப் பண்ணைகளுள் பல, ஒருகாலத்துத் தொழுநோயாளிகள் தொடங்கியவை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. 1930இல் அங்கே திறக்கப்பட்ட குடியிருப்பை 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று அழைத்தனர்.

அக்கால மருந்து, நம் சித்த வைத்தியர் அறிந்த நீரடிமுத்து இனத்து எண்ணெய். ஊசியாக ஏற்றினர், வலி மிகுந்தது, பயன் குறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சல்போன் மருந்துகள் வந்தன. நோய் தணிந்தது, தீர்ந்தது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் 1964இல் பெட்டிட், ரீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இதே சுங்கை பூலோ நோயாளிகளிடம் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் இருப்பதை ஐயமற மெய்ப்பித்தனர். கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த பின்னரே தொழுநோய் உறுதியாகக் குணமாகும் நோயாயிற்று. எண்ணெய், சல்போன், தோல்வி, கூட்டு மருந்து: தீர்வு என்பது இவ்வாறு படிப்படியாக வந்தது. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. ஹெர்ப்பிஸ் வைரசால் வருவது. இரண்டின் மருத்துவமும் ஒன்றாகாது. பொறுமைக்கும் ஐயத்துக்கும் மட்டுமே இதனை ஒப்புமையாகச் சொல்கிறேன்.

இதனினும் பெரிய பாடம் ஒன்று அங்கு உண்டு. குடியிருப்பில் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தனர். பலர் வேறு குடும்பங்களுக்குத் தத்துப் போயினர். கிருமியை மருந்து கொன்றது. பிரிந்த குடும்பங்களை எந்த மருந்தும் சேர்க்கவில்லை. நோய் தீரும்வரை மனிதரைத் தள்ளிவைப்போம் என்று சமூகம் எண்ணுமானால், தீர்வு வரும்போது அதனைப் பெறுவதற்கு வாழ்வு எஞ்சியிராது.

நாம் சொல்ல வேண்டியவை

ஆசிரியரை நாடி ஒருவர் 'தீருமா?' என்று கேட்டால், 'மருந்தே இல்லை' என்று கைவிரிப்பதும் பிழை. 'எல்லாம் தீரும்' என்று தட்டிக்கொடுப்பதும் பிழை. முதலாவது அவரை ஏமாற்றுக்காரரிடம் துரத்தும். இரண்டாவது கையைப் பிடித்தே அங்கு அழைத்துச் செல்லும். சொல்லத்தக்கது இது: 'இன்று அடக்கலாம், நன்றாகவே அடக்கலாம். அகற்றும் முறையை ஆராய்கிறார்கள். இன்னும் மனிதர்க்கு வரவில்லை. வந்தால் மருத்துவமனை வழியாக வரும். கைப்பேசி விளம்பரத்தில் வாராது.'

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம், புற்றுநோய், தொழுநோய், நீரிழிவு முதலிய சில நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண் இல்லாத பொருளை வாங்கலாகாது. எண் இருப்பதனாலேயே 'அடியோடு குணம்' என்பது மெய்யாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இந்நோய் இருந்தாலோ, கணவருக்கு இருந்தாலோ, மருத்துவரிடம் மறைக்கலாகாது. பிறக்கும் குழந்தையை ஹெர்ப்பிஸ் தாக்கினால் உயிருக்கே கேடு.

என் மாணவர் மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார். பெண் வீட்டாரிடம் சொல்வதா, மறைப்பதா என்று கேட்டார். வீட்டார் இருக்கட்டும், அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் தாலி கட்டலாகாது என்றேன். சொல்ல எளிது, செய்தவர் அவர். இருவரும் பிரிக்பீல்ட்ஸ் மருத்துவரிடம் சென்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண் சிந்திப்பதற்கு நாள் கேட்டிருக்கிறார். கேட்பது அவர் உரிமை. முடிவு எதுவாயினும், உண்மையின் மேல் நிற்கும் முடிவாக இருக்கும்.

இந்த ஆண்டும் வகுப்பில் அக்கிக் கதையைச் சொன்னேன். பாட்டி, முதியவர், பூங்காவி, சிங்கம் எல்லாம் வந்தன, பிள்ளைகள் சிரித்தார்கள். முடிவை மட்டும் மாற்றிவிட்டேன். "சிங்கம் அக்கியைத் தின்னவில்லை. அது தானே அடங்கிற்று. இன்னும் என் முதுகில் உறங்கிக்கொண்டிருக்கிறது" என்றேன். சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஒரு சிறுமி கையை உயர்த்தி, "அப்படின்னா அத எப்படி சார் வெளிய கொண்டு வர்றது?" என்று கேட்டாள்.

அந்த வினாவோடுதான் பாடம் முடிந்தது.